லிஸ்பனைப் பெண் பார்த்தது

ஈரோட்டுக்குப் பக்கத்தில் வேப்பங்காட்டுப்புதூர். தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற ஊர். அங்கே துண்டு நெய்து பிழைக்கும் அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் குறையாகச் சொல்லவில்லை. பழகுவதற்குத் தங்கமான மனிதர்கள்.

மூத்தவர் சென்னியப்பன். நடுவில் நாச்சிமுத்து. கடைசி வெள்ளியங்கிரி. மூத்தவருக்கு மட்டும் எப்படியோ கல்யாணம் ஆகிவிட்டது. தம்பிகள் இரண்டு பேருக்கும் பெண் பார்த்தார்கள், பார்த்தார்கள், தலை நரைக்கிறவரை பார்த்தார்கள். அவர்கள் போய் ஜமக்காளத்தில் உட்காராத வீடு கொங்கு நாட்டில் பாக்கி இல்லை. ஒன்றும் அமையவில்லை. ஆனால் பெண் பார்க்கிற முறை மட்டும் மூவருக்கும் தலைகீழ்ப் பாடம்.

சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள். தம்பிகள் ‘நங்கை’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வது. இந்த மூவருக்கும் மூன்று வேளையும் ஆக்கிப் போட்டு அவள் சலித்துப் போயிருந்தாள். அவள் பார்த்த வெளியூர் என்றால் பவானி கூடுதுறை. அதுவும் யாரோ செத்ததற்குப் போனது. அப்படிப்பட்டவள் ஒருநாள் டிவியில் லிஸ்பன் என்ற ஊரைப் பார்த்தாள். மேட்டுத் தெரு ஒன்றில் மஞ்சள் டிராம் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது.

“ஏனுங்க, எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். அந்த மஞ்ச வண்டியில ஒருக்கா ஏறோணும். மூணு நாளு அடுப்புப் பக்கம் திரும்பாம நடக்கோணும். இந்த வருசம் கூட்டிட்டுப் போகலைன்னா நானு என்றம்மா ஊட்டுக்குப் போறேன். நீங்களே ஆக்கித் தின்னுக்கோங்க.”

மறுநாளே மூவரும் ஈரோட்டுக்குப் போய், ஊர்ப் பேரை மறந்துவிட்டு, ‘ஐரோப்பாவுல தெக்கால ஒரு ஊருங்க’ என்று ஒரு டிராவல்ஸில் நின்றார்கள். அங்கே இருந்த ரெஜினா என்ற பெண் பொறுமைசாலி. “ஐரோப்பால தெற்குப் பக்கம் நிறைய ஊர் இருக்குதுங்க. எல்லாரும் உக்காந்து பேசி, எந்த ஊருன்னு ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க” என்று போட்டோக்களைக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் சிக்கல். நாச்சிமுத்துவுக்கு உட்காருகிற இடத்தில் கட்டி.

“நின்னுட்டே பேசினா என்னங்ண்ணா?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“உக்காந்து பேசச் சொல்லியிருக்குதுடா அந்தப் புள்ள. நின்னுட்டு எடுத்த முடிவு செல்லுமா?”

செல்லாது என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். கட்டி பழுத்து உடைகிறவரை ஐரோப்பா காத்திருந்தது.

உடைந்தது. உட்கார்ந்தார்கள். முதலில் ஏதென்ஸ் போட்டோ வந்தது. மலைமேல் ஒரு பெரிய கோயில், தூண்கள் மட்டும் நிற்கின்றன.

“கூரையே போடல. திருப்பணி நடக்குதாட்ட இருக்குது.”

“கும்பாபிசேகம் முடியட்டும், அப்புறம் போலாம். பாதி வேலையில போனா நன்கொடைச் சீட்டை நீட்டுவாங்க.”

ஏதென்ஸ் போயிற்று. அடுத்து செவில். தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், கிளை ஒடிய ஒடியப் பழம்.

“ரோட்டோரத்துல இத்தனை பழம் தொங்குது, ஒருத்தனும் கை வைக்கல. ஏன்?” என்றார் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி மெதுவாக, “முனி இருக்குமுங்ண்ணா” என்றார். போட்டோவைக் கவிழ்த்து வைத்தார்கள்.

நேபிள்ஸுக்குப் பின்னால் எரிமலை. பின்புலம் சரியில்லை என்று நாச்சிமுத்து ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். கடைசியாக லிஸ்பன் வந்தது. காப்பி கொண்டுவந்த மயிலாத்தாள் எட்டிப் பார்த்து, “இதேதானுங்க, மஞ்ச வண்டி!” என்று துள்ளினாள்.

“சித்த சும்மா இரு புள்ள, பேசிட்டிருக்கறமில்ல” என்றார் சென்னியப்பன். பிறகு போட்டோவைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். “லட்சணமாத்தான் இருக்குது. ஆனா போட்டோவை மட்டும் பாத்துச் சரின்னு சொல்லிப்போட முடியுமா? ஏன்டா நாச்சிமுத்து, உனக்குப் பாத்த அந்தத் தாராபுரத்துப் பொண்ணு போட்டோவுல எப்படி இருந்துச்சு?”

“அதை ஏனுங்ண்ணா இப்ப…”

“அதுக்குத்தான் சொல்றேன். முதல்ல நாம போயி ஊரை நேருல பாத்துட்டு வருவோம். பிடிச்சா, அப்புறம் உங்க நங்கைக்கு டிக்கெட்டுப் போடுவோம்.”

“அப்ப நானும் கூட வர்றனுங்க” என்றாள் மயிலாத்தாள்.

மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஊர் அவளுக்குச் சரிப்படுமா என்று பார்க்கத்தானே போகிறார்கள்? பார்க்கும்முன் அவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இன்னொரு சங்கடம் வந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. அப்படிப் போக நேர்ந்தால் ஒரு கல்லைக் கூட எடுத்துக்கொள்வது வழக்கம். வழியில் கிடக்கிற சின்னக் கல் போதும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற கல் கொஞ்சம் கௌரவமாக இருக்க வேண்டாமா? மயிலாத்தாளின் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டார்கள்.

“நாலு டிக்கெட்டுங்க” என்றார்கள் ரெஜினாவிடம்.

“நாலாவது ஆள் பேரு?”

சொன்னார்கள். ரெஜினா எழுத எடுத்த பேனாவை மூடி வைத்தாள். பிறகு, “அதைப் பெட்டியில வச்சுக்கலாம்” என்றாள்.

விசா ஆபீசில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். “பாக்கறதுக்குங்க” என்றார்கள். அவர்கள் வாழ்க்கையிலேயே ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னது அன்றுதான். விசா கிடைத்துவிட்டது.

லிஸ்பனில் இறங்கியதும், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு பெரிய சதுக்கத்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். பெரியவர் யாராவது வந்து ‘வாங்க’ என்று சொல்வார் என்று காத்திருந்தார்கள். வெயில் ஏறியதுதான் மிச்சம். எதிரே குதிரைமேல் ஒருவர் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“பாத்தீங்களாண்ணா, நாம வந்து இத்தனை நேரமாச்சு, குதிரையை உட்டு எறங்கறாரான்னு.”

“பெரிய எடம்டா. அப்படித்தான் இருப்பாங்க. நாமதான் அனுசரிச்சுப் போகோணும்.”

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். பொரித்த மீன் வாசனை ஆளைத் தூக்கியது. ஆனால் பேச்சு முடிவாகாமல் அந்த இடத்தில் பந்தியில் உட்காரக்கூடாது அல்லவா? “இருக்கட்டுங்க, பேசி முடியட்டுங்க” என்று கும்பிட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள். இருந்த நாளெல்லாம் கட்டிக்கொண்டு போன புளிச்சோறும் முறுக்கும்தான். வெள்ளியங்கிரி ஒரு பேக்கரிக் கண்ணாடியில் நெற்றியை வைத்து வாய்விட்டே அழுதுவிட்டார்.

டிராம் வண்டி வந்தது. உறவு முடிவாகும்முன் அவர்கள் வண்டியில் ஏறுவது முறையாகுமா? ஆகாது. ஆனால் யாராவது ஏறிப் பார்க்காமல், வண்டி நன்றாக ஓடுகிறது என்று மயிலாத்தாளுக்கு எப்படிச் சொல்வது? நன்றாக யோசித்து, குழவியை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துவிட்டு இறங்கி, ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் மணி அடித்து வண்டி கிளம்பிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூவரும் அந்த மேடு முழுக்கப் பின்னாலேயே ஓடினார்கள்.

இங்கே மயிலாத்தாள், சட்னிக்குத் தேங்காயை வைத்துக்கொண்டு குழவி இல்லாமல் உட்கார்ந்திருந்தவள், போனைப் பார்த்தாள். அவளுடைய குழவி, அவள் ஆசைப்பட்ட மஞ்சள் வண்டியில், ஜன்னலோரமாக, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் வாழ்க்கையில் ஒரு கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தம்பிகள் குழவியோடு திரும்பி வந்தார்கள். “எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம்” என்றார் சென்னியப்பன்.

“அப்ப எனக்கு டிக்கெட்டுப் போடலாமுங்களா?”

“அதெப்படி? நாம அவங்க ஊரைப் பாத்தாச்சு. அவங்க வந்து நம்ம ஊட்டைப் பாக்க வேண்டாமா?”

மறுநாளே லிஸ்பன்காரர்கள் வருவதற்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார்கள். மயிலாத்தாள், தான் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ரெஜினாவிடம், “மஞ்ச வண்டி ஓடற ஊருக்கு ஒரு ஆளு” என்றாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. விசாவும் வந்தது. போகிற அன்று வாசலில் நின்று, “நானு லிஸ்பன் போறேனுங்க” என்றாள்.

ஏணிமேல் இருந்த சென்னியப்பன் திரும்பாமலே, “அப்படியே அவங்க எப்ப வர்றாங்கன்னு கேட்டுட்டு வா” என்றார்.

போனாள். அந்த வண்டியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மேட்டு உச்சியில் காற்று வாங்கினாள். யாரோ ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவாமல் எழுந்து வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று.

அவள் திரும்புகிற அன்று ரெஜினா போன் செய்தாள். “லிஸ்பன்ல இருந்து வர்றவங்க இன்னிக்குச் சாயந்திரம் உங்க வீட்டுக்கு வந்துருவாங்க.”

வீடு அல்லோலகல்லோலப்பட்டது.

“வர்றது நம்ம நங்கைதானுங்களேண்ணா?” என்று வெள்ளியங்கிரிக்கு மட்டும் சந்தேகம்.

“எங்கிருந்து வர்றாங்க?” என்றார் நாச்சிமுத்து.

“லிஸ்பன்ல இருந்து.”

“அப்ப எந்தப் பக்கத்து ஆளு?”

வெள்ளியங்கிரி ஜமக்காளத்தை எடுத்து விரித்தார்.

மயிலாத்தாள் கார் இறங்கி வாசலில் கால் வைத்ததும் தம்பிகள் பன்னீர் தெளித்தார்கள். “வாங்க, வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?” என்று நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து சென்னியப்பன் வந்தார். பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒருவர் பவுடர் போட்டுக்கொண்டு காப்பி கொண்டுவர வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த முறை அதுதான். முகமெல்லாம் பவுடர், கையில் தட்டு, குனிந்த தலை. காப்பியை அவரே போட்டிருந்தார், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக.

மயிலாத்தாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காப்பியை எடுத்தாள். “பையனுக்குச் சமையல் வருமுங்களா?”

“இன்னும் பழகலீங்க” என்றார் நாச்சிமுத்து பணிவாக. “சொல்லிக் குடுத்தா டக்குனு பிடிச்சுக்குவான். நெம்ப அடக்கமுங்க.”

“பாட்டு?”

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு முருகன் பாட்டைப் பாதிவரை பாடினார். “பெரியவங்க கால்ல உழுந்து எந்திரி சாமி” என்றார் நாச்சிமுத்து. மயிலாத்தாள் காலில் விழுந்து எழுந்தார். நாச்சிமுத்து கண்ணால் ஜாடை காட்டியதும் உள்ளே போய்விட்டார்.

போனவர், கதவுக்குப் பின்னால் நின்று துண்டு நுனியைக் கடித்துக்கொண்டு, வெள்ளியங்கிரியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தார்: “ஏன்டா தம்பி, என்னை அவங்களுக்குப் பிடிச்சிருக்குதாமா?”