ஒரு கைப்பிடி மண், ஒரு குவளைத் தண்ணீர்

கிரேக்க நாட்டில், ஒரு மலையடிவாரக் குளத்தில் பெருவாயன் என்ற தவளை தலைவனாக இருந்தான். அந்தக் கோடையில் அவனுக்கு ஏகப்பட்ட குஞ்சுகள். வாலை ஆட்டித் திரியும் தலைப்பிரட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவான்.

ஒருநாள் பாரசீகப் பேரரசரின் தூதனாக ஓர் ஒட்டகம் வந்தது.

"எங்கள் அரசர் பெரும்படையோடு வருகிறார். ஒரு கைப்பிடி மண்ணும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுங்கள். உங்களை யாரும் தொடமாட்டார்கள்" என்றது.

"அவ்வளவுதானா?" பெருவாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவசரப்படாதே" என்று தடுத்தது குளத்து ஆமை. "மேலே சுனையில இருக்கிற நண்டுங்ககிட்டயும் இதைத்தான் கேட்டானாம். முடியாதுன்னு விரட்டிட்டாங்க. மண்ணும் தண்ணியும் அவன் ஊர்ல இல்லையா என்ன? எதுக்குன்னு கேளு."

நண்டுகள் என்றதுமே பெருவாயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுனையிலிருந்து வழியும் தண்ணீருக்காக இரண்டு கூட்டத்துக்கும் ஓயாத சண்டை.

"அவனுங்க கொடுக்கலைன்னா நான் கொடுப்பேன். படை வந்து அவனுங்களை மிதிக்கட்டும். சுனையும் நமக்கே வந்துடும்" என்றான். தன் கையாலேயே சேற்றை அள்ளிக் கொடுத்தான். குவளையையும் நிரப்பிக் கொடுத்தான்.

படை வந்தது. நேராக மலை ஏறியது. பொழுது சாயும் நேரத்தில் குதிரைகள் வாயில் நுரை தள்ள இறங்கி வந்து, குளத்தில் வாய் வைத்தன. ஒரு கூட்டம் குடித்து நகர்ந்தால் அடுத்த கூட்டம் வந்தது.

"ஐயா, நிறுத்தச் சொல்லுங்க! இது எங்க குளம். பிள்ளைங்க இருக்கு" என்று பெருவாயன், படையோடு வந்திருந்த ஒட்டகத்திடம் கதறினான்.

"உங்கள் குளமா?" ஒட்டகம் அமைதியாகக் கேட்டது. "மண்ணும் தண்ணீரும் கொடுத்தவர்கள் நிலத்தையும் நீரையும் எங்கள் அரசருக்கு ஒப்படைத்தவர்கள். அதுதான் எங்கள் வழக்கம். அரசர் குளத்தில் அரசர் குதிரைகள் குடிக்கின்றன. உங்களை யாராவது தொட்டார்களா?"

குதிரைகள் தெம்பாக மறுபடியும் மலை ஏறின. குளத்தில் சேறுதான் மிச்சம். துடித்துக்கொண்டிருந்த குஞ்சுகளில் முடிந்தவற்றை வாயில் அள்ளிக்கொண்டு, பெருவாயன் சுனையை நோக்கித் தத்தித் தத்தி ஓடினான்.

சுனைக்குப் போகும் இடுக்குப் பாதையெல்லாம் நொறுங்கிய நண்டு ஓடுகள். ஒரே ஒரு கிழ நண்டுக்கு மட்டும் உயிர் இருந்தது.

"சுனையும் காலி" என்றது அது. "பகல் முழுக்க அவங்களை இந்த இடுக்குல மறிச்சோம். தாகம் தாங்காம திரும்பித்தான் போனாங்க. கீழே உன் குளத்துல குடிச்சுட்டு வந்து எங்களை மிதிச்சாங்க."

பெருவாயன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பாறையில் விழுந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

பக்கத்திலிருப்பவன் அழியட்டும் என்று பகைவனுக்கு இடம் கொடுப்பவன், முதலில் தன் பிள்ளைகளின் வாழ்வைத்தான் எடுத்துக் கொடுக்கிறான்.