‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கும் காடு

மெய்யப்பன் என்ற மலையணில் ஆற்றைத் தாண்டிக் குதித்த இந்தக் கதையில், வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது! ஆனால் இப்போதே வராது. பொறுக்க வேண்டும். துடுக்கியே நாற்பது நாள் பொறுத்தாள், நமக்கென்ன?

துடுக்கி ஒரு கரிச்சான் குருவி. உடம்பெல்லாம் கன்னங்கரேல். வாலில் கம்பி போல இரண்டு நீள இறகு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டித் துடுப்பு. முழு இறகு முளைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் காட்டில் அவள் திருடாத குரல் இல்லை! மயில் மாதிரி அகவி மயிலையே திரும்பிப் பார்க்க வைப்பாள். தவளை மாதிரி கத்தி, பாம்பை ஒரு புதர் முழுக்கத் தேட விடுவாள். சிரித்தால் மட்டும் சொந்தக் குரல் வந்துவிடும். அதனால் குறும்பு செய்யும்போது அலகை இறுக மூடிக்கொள்வாள்.

அந்தக் காட்டில் ஒரு பழக்கம். யார் யாரைப் பார்த்தாலும், “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார்கள். அது விருந்துக்கு அழைப்பு இல்லை. நலம் விசாரிப்பது. “ஆச்சு, ஆச்சு!” என்று சொல்லிவிட்டு அவரவர் வழியில் போய்க்கொண்டே இருக்கலாம்.

எல்லாரும் அப்படித்தான் போனார்கள், மெய்யப்பனைத் தவிர.

“நான் பொய் சொல்ல மாட்டேன்!” இதுதான் மெய்யப்பனின் பெருமை. “காலையில சாப்பிட்டது காலையில கேட்டதுக்கு. இப்போ கேட்டா இப்போ சாப்பிட்டாத்தான் ‘ஆச்சு’ன்னு சொல்லலாம். வாக்கு சுத்தமா இருக்கணும்!”

மூங்கில் பக்கமாகக் கொம்பையா யானை வருவார். “மெய்யப்ப்பா... சாப்பிட்டாச்சாப்பா?” என்பார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சைகை காட்டி, மெய்யப்பன் ஓர் அத்திப்பழத்தை வாயில் திணிப்பான். “ஆச்சுங்க!”

மிளா மான் கோமளம் தண்ணீர் குடிக்க வருவாள். “தம்பி, சாப்பிட்டாச்சா?” இன்னும் இரண்டு பழம். “ஆச்சுக்கா!”

சடையன் என்ற கருமந்தி மரத்துக்கு மரம் தாவிக்கொண்டே கேட்பான். “மாப்ளே, சாப்ட்டாச்சா?” அவன் ஒரு நாளைக்குப் பத்து தடவை அந்த வழியாகப் போகிறவன். பத்துக்குப் பத்து! சில நாள் சாலையோரம் கிடந்த மிக்சர் பாக்கெட்டையும் கொண்டுவந்து கொடுப்பான். அதுவும் உள்ளே போகும்.

இப்படியே ஒரு வருஷம் போனது. சாயம் ஏற்றிய பட்டு மாதிரி இருந்த மெய்யப்பனின் வால் அப்படியே இருந்தது. வயிறு மட்டும் அப்படியே இல்லை. அவன் வந்து உட்கார்ந்தால், கிளையில் தூங்கும் ஓணான் எழுந்து வேறு கிளை பார்த்தது.

“மாமா, பசிச்சா சாப்பிடுங்க. கேட்டா சாப்பிடாதீங்க” என்று துடுக்கி தன் பங்குக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“யாருகிட்டப் பேசுறே? இந்த ஆத்தை ஒரே தாவுல தாண்டினவன் நான்!”

“அது போன வருஷம், மாமா.”

“தாவினவன் தாவினவன்தான்!”

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆறு போன வருஷத்துக் கதையைக் கேட்குமா?

ஆற்றின் இந்தக் கரையில் மெய்யப்பன் இருந்த அத்திமரம். அந்தக் கரையில் வேங்கை மரம். மழைக்காலத்துக்கு முன்னால் மலையணில்கள் எல்லாம் அத்தியிலிருந்து வேங்கைக்குத் தாவி, மேட்டுக்காட்டுக்குப் போய்விடும். மெய்யப்பனின் மனைவி மருதாணி முதல் ஆளாகத் தாவினாள். வேங்கையில் புதுக்கூடு கட்ட ஆரம்பித்தாள்.

அடுத்து மெய்யப்பன். நெஞ்சை நிமிர்த்தினான். வாலை விரித்தான். தாவினான்!

பாதி வழியில் வயிறு முந்திக்கொண்டது. மெய்யப்பன் பின்தங்கினான். தொபுக்கடீர்!

ஆற்றில் அப்போது தண்ணீர் குறைவு. பாறையைப் பிடித்து, தவழ்ந்து, கரையேறினான். கரைப் புதரில் இரண்டு செந்நாய்கள் படுத்திருந்தன. ஒன்று தலையைத் தூக்கியது. மெய்யப்பன் விழுந்தடித்து அத்தியில் ஏறினான். உச்சிக்குப் போவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான்.

“என்னங்க! என்ன ஆச்சு?” அக்கரையிலிருந்து மருதாணி கத்தினாள்.

‘காத்து எதிர்த்து அடிச்சுது’ என்று சொல்ல வாயைத் திறந்தான். ஓர் இலைகூட அசையவில்லை. பொய் சொல்ல முடியுமா?

“உடம்பு கனத்துப்போச்சு” என்றான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் அவன் காது மடல் சிவந்துவிட்டது.

மருதாணி சிரிக்கவில்லை. “மழை இறங்கினா அந்த அத்தி நிக்காதுங்க. வேர் பாதி வெளியில தெரியுது. கீழ நடந்து வரலாம்னு நினைச்சுடாதீங்க. நாய் ரெண்டும் இடத்தை விட்டு நகராது. நாற்பது நாள் இருக்கு. எப்படியாவது வந்துடுங்க!”

மெய்யப்பனுக்கு ரோஷம் வந்தது. “இனிமே எதையும் தொட மாட்டேன்! பட்டினி!” என்று சபதம் போட்டான். முதல் நாள் பல்லைக் கடித்தான். இரண்டாம் நாள் கிளை இரண்டாகத் தெரிந்தது. மதியம் சடையன் வந்து, “மாப்ளே, சாப்ட்டாச்சா?” என்றான். அவ்வளவுதான்! ஒரு கிளைப் பழம் முழுவதும் காலி.

“ஆ...ச்சு” என்று ஏப்பம் விட்ட மெய்யப்பன், அப்புறம் வாலால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான்.

மேல் கிளையில் இருந்த துடுக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. ‘இந்த மாமாவுக்கு வாக்குதான் பலவீனம்’ என்று நினைத்தாள். ‘வாக்குதான் பலமும்! கேள்வியை மாத்தினா?’

மறுநாள் மூங்கில் பக்கமிருந்து குரல் வந்தது. “மெய்யப்ப்பா...”

மெய்யப்பன் வழக்கம்போலப் பழத்தைப் பறித்து வாயருகே வைத்துக்கொண்டான்.

“...பசிக்குதாப்பா?”

பழம் அப்படியே நின்றது. இது என்ன புதுக் கேள்வி? இதற்கும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்! மெய்யப்பன் வயிற்றில் கை வைத்தான். கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தான். வயிறு கம்மென்று இருந்தது.

“இல்லீங்க, பசிக்கல.”

“அப்போ சரிப்பா...”

சாப்பிட்டாச்சா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு எதற்குச் சாப்பிடுவது? பழத்தைக் கிளைக் கவட்டையில் வைத்துவிட்டான். மூங்கிலுக்குள் துடுக்கி இரண்டு இறக்கையாலும் தன் அலகை அமுக்கிக்கொண்டாள்.

சிரிப்பு இன்னும் வரவில்லை. பொறுங்கள்.

சற்று நேரத்தில் புதருக்குள்ளிருந்து கோமளத்தின் குரல். “தம்பி, தண்ணி குடிச்சாச்சா?” மெய்யப்பன் இறங்கி ஓடி, மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, “ஆச்சுக்கா!” என்றான். பிறகு சடையனின் குரல். “மாப்ளே, அந்த இலுப்பை வரைக்கும் தாவிட்டு வந்தாச்சா?”

“இல்லையே! இருடா, வர்றேன்!” தொப், தொப், தொப். போய்விட்டு மூச்சிரைக்க வந்து, “ஆச்சு!” என்றான். அங்கே யாரும் இல்லை. “அவசரக்காரன்” என்று முணுமுணுத்தான்.

வயிறு நிஜமாகவே பசித்த நேரத்தில், “பசிக்குதா?” என்ற கோமளத்தின் குரலுக்கு, “ஆமா, பசிக்குது!” என்று சந்தோஷமாகச் சொன்னான். உடனே அடுத்த கேள்வி வந்தது. “மென்னு தின்னாச்சா? தளிர் இலை தின்னாச்சா?” மெய்யப்பன் மென்றான். மென்று தின்றபோதுதான் அத்திப்பழத்துக்குள் அவ்வளவு இனிப்பு இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. இரண்டாவது பழத்திலேயே, “போதும்” என்றது வயிறு. வயிறு பேசி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை!

நாளாக ஆக, கேள்வியில் வரும் மரங்கள் தள்ளித் தள்ளிப் போயின. இலுப்பை. அப்புறம் புன்னை. அப்புறம் பாறை தாண்டிய நெல்லி. மெய்யப்பனும் போய்ப் போய் வந்தான். நிஜ ஆட்கள் அந்தப் பக்கம் வந்தால், துடுக்கி வேறு யார் குரலிலாவது கூப்பிட்டு அவர்களை வேறு வழியில் திருப்பிவிட்டாள்.

ஒரு நாள் ஆபத்து வந்தது. நிஜச் சடையன் நிஜமாகவே எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தான். கையில் மிக்சர் பாக்கெட். “மாப்ளே...” என்று வாயைத் திறந்தான்.

துடுக்கி அவன் முதுகுக்குப் பின்னால் இலைக்குள் பாய்ந்தாள். அவன் குரலிலேயே கத்தினாள். “...நெல்லி வரைக்கும் போய்ட்டு வந்தாச்சா?”

“இதோ!” மெய்யப்பன் பறந்தான்.

சடையன் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். மெல்லத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். “நானா கேட்டேன்?” என்று தன்னையே கேட்டான்.

“நீதான் கேட்டே” என்று அவன் குரலே பின்னாலிருந்து பதில் சொன்னது.

மிக்சர் பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிய சடையன், மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை! துடுக்கி பறந்து போய், பாறை இடுக்கில் தலையை விட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். இது அந்த இடம் இல்லை.

முப்பத்தைந்தாம் நாள் துடுக்கி சற்று அசந்துவிட்டாள். பூச்சி பிடிக்கப் போன நேரத்தில் நிஜக் கோமளம் வந்துவிட்டாள்.

“தம்பி, சாப்பிட்டாச்சா?”

தூரத்திலிருந்து அதைக் கேட்டதும் துடுக்கியின் அலகிலிருந்து பூச்சி நழுவியது. போச்சு! எல்லாம் போச்சு!

மெய்யப்பனின் கை பழத்தை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையை வயிற்றில் வைத்தான். “பசிக்குதா?” என்று தானே கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

“காலையில சாப்பிட்டேன்கா. இப்போ பசிக்கல. பசிச்சதும் சாப்பிடுவேன்.”

“நல்லது தம்பி” என்று கோமளம் தண்ணீர் குடிக்கப் போனாள்.

துடுக்கிக்கு நெஞ்சு இறகெல்லாம் நிமிர்ந்தது. இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லையே! மாமாவே கேட்டார்! மாமாவே பதிலும் சொன்னார்!

நாற்பதாம் நாள் காலையில் மழை இறங்கியது. மலை மேல் பெய்த மழை ஆற்றில் சிவப்பாக வந்தது. அத்தியின் வேருக்கடியில் மண் கரைந்தது. மரம் முனகியது. செந்நாய்கள் கரையோரம் எழுந்து நின்று மேலே பார்த்தன.

“வாங்க!” என்று அக்கரையில் மருதாணி கத்தினாள். “யோசிக்காதீங்க, வாங்க!”

மெய்யப்பன் உச்சிக்கு ஏறினான். வழியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. கிளை நுனிக்கு வந்தான். கொம்பையா, கோமளம், சடையன் எல்லாரும் மேட்டில் நின்று பார்த்தார்கள். வேங்கை இலைகளுக்குள் துடுக்கி ஒளிந்திருந்தாள். எந்தக் குரலும் வரவில்லை.

“தாவியாச்சா, மெய்யப்பா?” என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான்.

தாவினான்!

வால் பட்டாக விரிந்தது. வயிறு ஒழுங்காகக் கூடவே வந்தது. ஆற்றின் நடுவைத் தாண்டினான். முக்கால் தூரம் தாண்டினான். நான்கு காலாலும் வேங்கைக் கிளையைக் கவ்விப் பிடித்தான்! பின்னால் அத்திமரம் சடசடவென்று சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. செந்நாய்கள் துள்ளி விலகின.

மருதாணி ஓடி வந்து மூக்கோடு மூக்கு உரசினாள். மேட்டில் கொம்பையா தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார். மெய்யப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். இந்தத் தடவை நிமிர்த்திய நெஞ்சுக்கு உரிமை இருந்தது. காடு முழுக்கக் கேட்கும்படி அந்த ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தான்.

“ஆச்சூ!”

மெய்யப்பனின் குரலேதான். அதே கம்பீரம்! ஆனால் மெய்யப்பன் இன்னும் பேசவே இல்லை.

அவன் வாய் திறந்தபடியே நின்றது. மெல்ல மேலே பார்த்தான். இலைக்கு வெளியே இரண்டு குட்டித் துடுப்புகள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. பெருமை தாங்காமல் முந்திக்கொண்டு கத்திவிட்ட துடுக்கி, அலகை இரண்டு இறக்கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெய்யப்பன் மேட்டைப் பார்த்தான். கொம்பையா யானை பேசினால் மூங்கில் அசையுமே, ஒரு நாளாவது அசைந்ததா? சடையன் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நாளாவது பதிலுக்கு நின்றானா? கோமளம் அக்கா என்றைக்குத் தளிர் இலையைப் பற்றி விசாரித்தாள்?

“அடியே... எல்லாம் நீயா!”

கிர்ர்ர்-கிக்கிக்கிக்! நாற்பது நாள் சிரிப்பும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. துடுக்கி கிளையில் தலைகீழாகத் தொங்கிச் சிரித்தாள், மெய்யப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், இப்போது நீங்களும் சிரிக்கலாம்!

யார் கேட்டாலும் வயிற்றைக் கேட்டுவிட்டு, பசிக்குத் தக்கபடி அளவாக மென்று சாப்பிட்டு, நாள்தோறும் உடம்பை அசைத்து வருகிறவர்கள், தங்கள் எடைக்கு அடிமையாகாமல் பெருமையோடு வாழ்வார்கள்.