நடுவில் நின்ற கேப்டன்

எங்கள் கிளப் ஸ்குவாஷ் லீக்கில், அணியின் கெட்டிக்காரர் முதலிலும் கத்துக்குட்டி கடைசியிலும் ஆட வேண்டும். இறுதிப்போட்டியன்று எதிரணி கேப்டன் ரங்கதுரை, எங்கள் கத்துக்குட்டியைச் சுலபமாக ஜெயிக்கலாம் என்று, தன் பெயரைக் கூசாமல் கடைசி இடமான ஐந்தாவதில் எழுதிக் கொடுத்தார்.

"என் லிஸ்ட்டில் யாரும் கைவைக்கக் கூடாது" என்று போட்டியை நடத்தும் கோர்ட் ஊழியர் மரியசெல்வத்தை மிரட்டினார்.

"வைக்கல சார். டீம் போட்டோவுல சிறந்த ஆட்டக்காரர்தான் நடுவுல நிக்கணும். முதல்ல எழுதியிருக்கிற ஜெபராஜை நிறுத்திடறேன்."

"அவனா? என்கிட்ட ஒரு கேமாவது ஜெயிச்சிருக்கானா? இந்த டீம்ல என்னை மிஞ்சின ஆள் கிடையாது."

இரண்டு அணிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியசெல்வம் பேனாவை நீட்டினார். "அப்போ உங்க பேரை நீங்களே முதல்ல எழுதிடுங்க சார்."

முதல் ஆட்டத்தில் எங்கள் பூங்கோதை அவரை மூன்றே கேமில் முடித்தாள். கோப்பையும் எங்களுக்கே வந்தது.

மரியசெல்வம் சொன்ன சொல் தவறவில்லை. தோற்ற அணியின் போட்டோவில் ரங்கதுரையை நட்டநடுவில் நிறுத்தினார்.