காவல் கிளையில் அணில்

குளக்கரை முள்காட்டில் செம்பா என்ற தவிட்டுக்குருவி தன் கணவன் நல்லானோடு குடியிருந்தது.

தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேர் தரையில் சருகைப் புரட்டி இரை தேடுவார்கள். ஏழாவது ஆள் உயரக் கிளையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும். வல்லூறு தெரிந்தால் கத்தும். உடனே எல்லாரும் முள்ளுக்குள் பாய்ந்துவிடுவார்கள். அந்தக் கிளைக்குக் காவல் கிளை என்று பெயர்.

அதெல்லாம் கூட்டுக்கு நாலு முட்டை இருந்த காலம். இப்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. செம்பாவின் மூத்த பிள்ளைகள் இரண்டும் இறகு முளைத்ததும் மலைக்கு அப்பால் கொய்யாத் தோப்புக்குப் போய்விட்டன. அங்கே புழுவுக்குப் பஞ்சமில்லையாம். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று செம்பா தினமும் சாமியை வேண்டிக்கொள்ளும்.

வீட்டில் மிச்சம் மூன்றே பேர். செம்பா, நல்லான், நேற்றுத்தான் கூட்டைவிட்டு இறங்கிய ஒற்றைக் குஞ்சு கடுகு. நல்லான் காவலுக்கு ஏறினால், செம்பா கொத்துவது கடுகின் வாய்க்கே போதாது. நல்லானும் இரைக்கு இறங்கினால் வானத்தைப் பார்க்க ஆளில்லை.

"ஏங்க, ஒரு கண்ணைத் தரையில வெச்சு, ஒரு கண்ணை வானத்துல வையுங்களேன்."

"வெச்சுத்தான் பார்த்தேன். காலையிலேர்ந்து மூணு கூழாங்கல்லை முழுங்கியிருக்கேன்."

பக்கத்து வேப்பமரத்தில் வரியன் என்ற அணில் தனியாக இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் திசைக்கொன்று. பல் தேய்ந்துவிட்டதால் கொட்டை உடைக்க முடியாது. வாய் மட்டும் ஓயாது.

"தங்கச்சி, காவலுக்கு நான் உட்காரட்டுமா? பூச்சி ரெண்டு எனக்கும் போட்டா போதும்."

செம்பாவுக்குச் சுருக்கென்றது. "அது எங்க வம்சத்துக் கிளை அண்ணே. றெக்கை இல்லாதவங்க உட்கார்ந்தா ஊரு சிரிக்கும்."

"ஊருல யாரும்மா இருக்கா? எல்லாம் கொய்யாத் தோப்புல இல்ல இருக்கு?"

நல்லான் சிரித்துவிட்டது. செம்பா முறைத்ததும் வாயை மூடிக்கொண்டது.

இரவெல்லாம் பெய்த மழை மறுநாள் காலை விட்டது. புற்றிலிருந்து ஈசல் பொலபொலவென்று கிளம்பியது! மூன்று பேரும் தலை நிமிராமல் கொத்தினார்கள். காவல் யாருக்கும் நினைவில்லை.

வேப்பமரத்து வரியன் அண்ணாந்து பார்த்தது. மேலே வல்லூறு! வரியன் யாரையும் கேட்கவில்லை. ஒரே ஓட்டமாகக் காவல் கிளையில் ஏறிக் கத்தியது.

"கீச்! கீச்! கீச்!"

"மறுபடி ஆரம்பிச்சுட்டாரு," என்று செம்பா ஈசலை விழுங்கியபடி முணுமுணுத்தது. அணில் கத்தி எந்தத் தவிட்டுக்குருவி ஓடியிருக்கிறது?

கடுகுக்கு வம்சமும் தெரியாது, வழக்கமும் தெரியாது. கத்தல் கேட்டதும் பயந்துபோய் முள்ளுக்குள் ஓடியது!

"ஏய் கடுகு, தின்னுட்டுப் போடா!" என்று செம்பாவும் பின்னாலேயே ஓடியது. அதன் தலை புதரில் நுழைந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் விர்ரென்று காற்று வீசியது. வல்லூற்றின் நகத்தில் செம்பாவின் வால் இறகு ஒன்றுதான் சிக்கியது. நல்லான் எதிர்ப்புதரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வல்லூறு போகும்வரை செம்பா புதரைவிட்டு அசையவில்லை. பிள்ளையை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தது. பிறகு வெளியே வந்து, கொழுத்த ஈசலாகப் பொறுக்கிக் காவல் கிளையில் கொண்டுபோய் வைத்தது.

"வரியண்ணே, நாளைக்கும் வருவீங்களா?"

"நாளைக்கா? நான் இன்னும் இறங்கவே இல்லையே தங்கச்சி."

"டேய் கடுகு," என்று செம்பா கீழே பார்த்துக் கூப்பிட்டது. "மேல வா. மாமாவுக்குக் கும்பிடு போடு."

பெற்ற பிள்ளைகள் தூரத்தில் வாழ்ந்தாலும், பக்கத்தில் இருந்து நமக்காகக் கண் விழிப்பவரை வீட்டு ஆளாக ஏற்றுக்கொண்டால், சின்னக் குடும்பமும் பெரிய குடும்பமே.