வளர்ந்த கோடு

பறவைகளும் ஆமைகளும் நம்மோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதிலும் வாயே மூடாமல் பேசியவள் ஒருத்திதான்: தையல்சிட்டு.

கட்டைவிரல் அளவு உடம்பு, ஊசி மாதிரி அலகு. வால் அப்போதெல்லாம் மற்றக் குருவிகளைப் போலத் தாழ்ந்துதான் இருக்கும். ஆற்றங்கரை ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உடுப்பு தைத்தவள் அவள்தான். ஊரே அவளைத் தையலக்கா என்று கூப்பிடும். துணியோடு வந்து நிற்கும் பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பறப்பாள். அதுதான் அளவு. பிறகு டக் டக்கென்று துளைத்து, பஞ்சு நூலைக் கோத்துவிடுவாள். பாவாடை கணுக்காலைத் தொட்டு நிற்கும். ஒரு விரல் கூடாது, ஒரு விரல் குறையாது.

"மிச்சம்னு ஒரு துண்டு பார்த்திருக்கியா என் கையில?" என்று எல்லோரிடமும் கேட்பாள். அவளுக்குக் கையே கிடையாது. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த உடுப்பு தைக்க வேண்டுமே!

ஒரே ஒரு சங்கடம். உடுப்பு அளவாக நிற்கும், பிள்ளை நிற்காது. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடியில் புதுவெள்ளம் வரும் நாளில், குட்டையான உடுப்பையெல்லாம் ஆற்றோடு விட்டுவிட வேண்டும். வயதான ஆமை ஒன்று படித்துறையில் உட்கார்ந்து கத்தும்: "கணுக்கால் தெரியறதெல்லாம் கொண்டாங்க! என் முதுகுல போடுங்க!"

எயினிக்குப் பதினொரு வயது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுப் பாவாடை. குங்குமச் சிவப்பு. அவள் அம்மா நெய்தது. நெய்து முடித்த மழைக்காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருஷ வெயிலில் அந்தச் சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. பாவாடையும் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறிவிட்டது.

புதுவெள்ளம் வந்த காலை, எயினி பூவரச மரத்தடிக்கு ஓடினாள். தையலக்காவின் கூடு அங்கேதான் இருந்தது.

"அக்கா, நாலே நாலு விரல். இழுத்து விடுக்கா. இல்லன்னா ஆத்துக்குப் போயிரும்."

"இழுத்தா நீள்றதுக்கு அது என்ன மாட்டு மடியா? நான் அளவாத்தான் தைச்சேன். நீ அளவில்லாம வளர்ந்தா நானா பொறுப்பு?"

"வளர்றது ஒரு தப்பா?"

தையலக்கா பதில் சொல்வதற்குள், மரத்தின் மேலிருந்து ஒரு பெண் தொப்பென்று விழுந்தாள்.

அவள் பெயர் ஆரபி. இன்னும் வராத காலத்திலிருந்து, அதாவது நம் காலத்திலிருந்து வந்தவள். பழைய உடுப்பு என்றால் அவளுக்கு உயிர். பள்ளி விழாவுக்காகப் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, அரக்கு நிறப் பட்டுப் பாவாடையும் பஃப் கை சட்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருக்கிறாள். பாவாடையின் கீழே ஒரு மடிப்பு. அதைப் பிரித்தால் நீளம் சரியாக வரும் என்று ஊக்கு நுனியால் ஒரு தையலை நெம்பினாள். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அந்த மடிப்புக்குள் எத்தனை காலத்தை வைத்துத் தைத்திருந்தார்களோ, அத்தனையும் சரசரவென்று அவிழ்ந்து அவளை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டது.

"இது எந்த வருஷம்?" என்றாள் ஆரபி.

"வெள்ளம் வந்த வருஷம்" என்றாள் எயினி.

தையலக்கா அவளை ஒரு சுற்றுச் சுற்றினாள். "அது என்ன தோள்ல ரெண்டு பூசணிக்காய்?"

"பஃப் கை. பழைய ஃபேஷன்."

"இனிமே வரப்போறது எப்படிடி பழசாகும்?"

ஆரபிக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு நினைப்பு வந்ததும் அது நின்றுவிட்டது. "மடிப்பைப் பிரிச்சுத்தான் வந்தேன். மறுபடி மடிச்சாத்தான் போக முடியும்னு நினைக்கிறேன். தைச்சுக் குடுங்கக்கா."

"நல்ல துணியை மடிச்சு உள்ள வைக்கிறதா? அளவு தெரியாதவ செய்யற வேலை அது. என் அலகு தொடாது."

படித்துறையிலிருந்து ஆமை கத்தியது: "மூணாம் படிக்குத் தண்ணி வந்தாச்சு! சிவப்புப் பாவாடைக்காரி எங்க?"

எயினி பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆரபி குனிந்து அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிரித்துவிட அதில் மடிப்பு ஒன்றுமே இல்லை.

"மிச்சத் துணி எங்க?" என்றாள்.

தையற்கடையை விட்டுக் கிளம்பும்போது ஆரபியின் அம்மா தவறாமல் கேட்கும் கேள்வி அது. அந்தக் காலத்தில் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தையலக்கா பேசாமல் இருந்தாள். அவள் பார்வை மட்டும் கூட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. எயினி கிளையை வளைத்தாள். தைத்த இலைக்குள் நாலு முட்டைகள். அவற்றுக்கு அடியில், சுருட்டி வைத்த பட்டு. ஒரு சாண் அகலம் இருக்கும். வெயிலே படாத குங்குமச் சிவப்பு.

"திருடல புள்ள" என்றாள் தையலக்கா, மெதுவாக. "மிச்சமே வராதுன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். அப்புறம் மிச்சம் வந்துச்சு. எந்த மூஞ்சியோட திருப்பிக் குடுக்கிறது?"

எயினி கையை நீட்டினாள். முட்டைகளின் சூடு விரலில் பட்டதும் இழுத்துக்கொண்டாள். "இதை எடுத்தா இதுங்களுக்குக் குளிருமே."

ஆரபி தன் சட்டையைப் பார்த்தாள். பெரியம்மா கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை டர்ரென்று கிழித்தாள்.

"இந்தா. இந்தப் பூசணிக்காய்க்குள்ள நாலு என்ன, நாப்பது முட்டை வைக்கலாம்."

முட்டைகள் இடம் மாறின. தையலக்கா அந்தப் பட்டுத் துண்டைப் பாவாடையின் அடியில் சுற்றிலும் வைத்துத் தைத்து முடித்தாள். எயினி ஓர் எட்டு வைத்தாள். தடுக்கி விழுந்தாள். வேண்டியது நாலு விரல், சேர்த்தது ஒரு சாண்!

"வெட்டிடட்டுமா?"

"வேண்டாம்!" என்று ஆரபி கத்தினாள். "மடிச்சுத் தைங்கக்கா. வளர்ற பிள்ளை."

"மடிச்சா, எனக்கு அளவு தெரியலன்னு ஊரே சிரிக்கும்."

"இவ எவ்வளவு வளருவான்னு யாருக்கு அளவு தெரியும்?"

தையலக்கா எயினியைச் சுற்றி இன்னொரு முறை பறந்தாள். இந்த முறை நின்று நிதானமாக. பிறகு சிவப்புக்கு மேலே, பழைய துணியில் ஒரு மடிப்பைப் பிடித்து, முதல் துளையைப் போட்டாள்.

படித்துறையில் ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "கணுக்கால் தெரியல. சரி. கீழ மட்டும் பளிச்சுனு அது என்ன கோடு?"

எயினி நிமிர்ந்து நின்றாள். "நான் வளர்ந்த கோடு."

அவ்வளவுதான். ஆமை முதுகில் போட்ட உடுப்புகளையெல்லாம் பிள்ளைகள் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, "என் மிச்சம் எங்க? என் மிச்சம் எங்க?" என்று பூவரச மரத்துக்கு ஓடினார்கள். தையலக்காவுக்கு மொத்தம் எத்தனை கூடுகள் இருந்தன என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

கடைசியாக ஆரபியின் மடிப்பைத் தைத்தாள். முடிச்சு விழுந்ததும் மரத்தடியில் ஆரபி இல்லை. கண்ணாடி முன் நின்றாள், ஒற்றைக் கையோடு. "இன்னொரு கை எங்கடி?" என்று அவள் அம்மா கேட்டாள். "முட்டைக்குக் குடுத்துட்டேன்" என்றாள். அப்படியே பள்ளி விழாவுக்கும் போனாள்.

அடுத்த ஆடியில் எயினியின் மடிப்பைப் பிரித்துவிட்டார்கள். மடிப்புக்குள் மேலும் வெளுக்காமல் இருந்த செங்கல் சிவப்பு இன்னொரு கோடாக விழுந்தது. அம்மா நெய்தது அவளோடு கூடவே வளர்ந்தது.

மிச்சத் துணியைக் கேட்டால் மட்டும் தையல்காரர்கள் இன்றைக்கும் காது கேட்காததுபோல் இருப்பார்கள். மற்றபடி, அன்று ஆற்றங்கரையில் போட்ட அந்த மடிப்பிலிருந்துதான், "வளர்ற பிள்ளை" என்று சொல்லிப் பாவாடையை மடித்துத் தைக்கிறோம். அதை முதலில் தைத்தவள் நான்தான் என்று தையல்சிட்டு வாலை நிமிர்த்திக்கொண்டு திரிவதும் அன்று முதல்தான்.