மடை திறந்தவனுக்கு ஐம்பது கசையடி

பூவரசங்கோட்டைச் சீமையில் ஒரு காலத்தில் அரண்மனை வேலைகள் எல்லாம் தாறுமாறாகத்தான் நடந்தன. ஆனாலும் நடந்தன. ஓட்டில் ஒழுகினால் கண்ணில் பட்டவன் ஏறி அடைப்பான். அவ்வளவுதான்.

புதுப் பிரதானியாக வந்த திம்மப்பருக்கு இது பிடிக்கவில்லை. ராஜ்ஜியம் முழுவதற்கும் ஒரே பெருங்கச்சேரி என்று கட்டினார். அதற்குள் கட்டட இலாகா, களஞ்சிய இலாகா, வாகன இலாகா, ஆள் நியமன இலாகா, காவல் இலாகா, நீர் இலாகா. எல்லாவற்றுக்கும் மேலே மேற்பார்வை. அது திம்மப்பரேதான். ஒரு இலாகாவின் வேலையில் இன்னொரு இலாகாக்காரன் கை வைத்தால் ஐம்பது கசையடி என்று சட்டம் எழுதினார். மார்த்தாண்ட பூபதி ராஜாவும் முழுவதும் கேட்காமலே முத்திரை வைத்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெரிய ஏரி தளும்பி, கரை கசிய ஆரம்பித்தது. ஏரிக்காவல் சங்கிலி நனைந்த துணியோடு கச்சேரிக்கு ஓடினான்.

"எஜமான், மடையைத் திறக்கணும். கரை தாங்காது!"

நீர் இலாகாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணீர் எங்களுடையது. மடை கல்லால் கட்டியது. கட்டட இலாகாவைக் கேள்."

"கல் எங்களுடையது. அடைப்புப் பலகை களஞ்சியத்துச் சாமான்" என்றார் கட்டட இலாகாக்காரர்.

களஞ்சியக்காரர் பிரதானியைக் கை காட்டினார். பிரதானி சொன்னார்: "நீ காவல் இலாகா. ஏரியைப் பார்ப்பது உன் வேலை. போய்ப் பார்த்துக்கொண்டிரு."

சங்கிலி போனான். கொஞ்ச நேரம் பார்த்தான். கரையில் மண் சரிவதையும் பார்த்தான். பிறகு கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பலகையைப் பிடுங்கி எறிந்தான். ஊர் பிழைத்தது. சங்கிலி மாட்டிக்கொண்டான்.

மறுநாள் அவன் கைகளை அவன் துண்டாலேயே கட்டிச் சபைக்கு இழுத்து வந்தார்கள். சபையில் தாண்டவராயரும் இருந்தார். அவர் வீடு ஏரிக்கரைக்குக் கீழே, பள்ளத் தெருவில். மனைவி மக்கள் உயிரோடு இருப்பது இவனால்தான். வாய்ச் சாதுரியத்துக்குப் பேர்போனவர் அவர்.

"மகாராஜா, இந்த மடையன் சட்டத்தை மீறிவிட்டான்!" என்றார் திம்மப்பர்.

"மடையைத் திறந்தவன் மடையன்தான்" என்றார் தாண்டவராயர். "திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களை என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "என்ன செய்வது, தாண்டவராயரே? முத்திரை என்னுடையது. நானே மீறினால் நன்றாயிருக்குமா?"

கெஞ்சிப் பயனில்லை என்று தாண்டவராயருக்குப் புரிந்தது. சட்டென்று குரலை மாற்றினார். "மீறவே கூடாது, மகாராஜா! அடித்தே ஆகவேண்டும். ஆனால் அடியும் சட்டப்படி விழவேண்டும்."

"அப்படிச் சொல்லும்!" என்று திம்மப்பர் பூரித்துப்போனார்.

"இவனை எதில் கட்டுவது? அந்தத் தூணிலா?"

கட்டட இலாகாக்காரர் பதறி எழுந்தார். "தூண் கூரையைத் தாங்குவதற்கு. ஆளைக் கட்ட வேண்டுமென்றால் மேற்பார்வையின் உத்தரவு வேண்டும்."

"கயிறு?"

"இருக்கிறது" என்றார் களஞ்சியக்காரர். "கிணற்றுக்கென்று வாங்கியது. வேறு காரியத்துக்குக் கொடுத்தால் என் முதுகு போகும்."

"சவுக்கு?"

வாகன இலாகாக்காரர் இடுப்பிலிருந்த சவுக்கை எடுத்துக் காட்டினார். "இது குதிரைக்கு. இவன் குதிரைதான் என்று யாராவது உத்தரவு கொடுத்தால் தருகிறேன்."

"சரி, அடிக்கிறவன் யார்?"

ஆள் நியமன இலாகாக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை."

சபையில் கிசுகிசுப்பு எழுந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திம்மப்பர் முகம் சிவந்துவிட்டது.

"உதவாக்கரைகளா! ஒரு அடி அடிக்க இத்தனை பேச்சா?" பாய்ந்துபோய்ச் சவுக்கைப் பிடுங்கினார். "நகருங்கள், நானே அடிக்கிறேன்!" கையை ஓங்கினார். சங்கிலி கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரதானி அவர்களே!" தாண்டவராயர் நடுவில் வந்து நின்றார். "தாங்கள் எந்த இலாகா?"

"தெரியாதா? எல்லாவற்றுக்கும் மேல்! மேற்பார்வை!"

"மேலிருந்து பார்ப்பது. அதில் அடிப்பதும் சேர்த்தியா?"

தாண்டவராயர் ராஜா பக்கம் திரும்பினார்.

"இவனும் பார்க்கிற வேலைக்காரன்தான், மகாராஜா. பொறுக்கமாட்டாமல் அடுத்தவர் வேலையில் கை வைத்தான். ஐம்பது அடி. பிரதானியும் பார்க்கிறவர்தான். பொறுக்கமாட்டாமல் வாகன இலாகாவின் சவுக்கில் கை வைத்திருக்கிறார். இவனாவது ஊரைக் காப்பாற்றக் கை வைத்தான். முதலில் யாரை அடிப்பது?"

திம்மப்பர் சவுக்கைக் கீழே போட்டார். ராஜா அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சட்டம் இன்றோடு தொலைந்தது. சங்கிலி, மடையைத் திறப்பதும் அடைப்பதும் இனி உன் இஷ்டம். யாரையும் கேட்க வேண்டாம். ஏரிக்குக் கீழே நல்ல நஞ்சையாகப் பார்த்து உனக்கு எழுதித் தரச் சொல்கிறேன். தாண்டவராயரே, இந்த முத்துமாலை உமக்கு. அவனை அவிழ்த்து விடுங்கள்!"

ஒருவரும் அசையவில்லை. கட்டட இலாகாக்காரர் களஞ்சியக்காரரைப் பார்த்தார். களஞ்சியக்காரர் பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார்.

"இன்னும் என்ன தயக்கம்? அவிழ்ப்பது எந்த இலாகா?" என்று ராஜா உறுமினார்.

"இத்தனை இலாகா ஏற்படுத்தியும், கட்டுண்டவனை அவிழ்க்க ஒரு இலாகா வைக்க யாருக்கும் தோன்றவில்லை, மகாராஜா" என்று தாண்டவராயர் கைகூப்பினார். "அதனால் தாங்களே தாராளமாக அவிழ்க்கலாம். கோபித்துக்கொள்ள ஆளில்லை."