கடலுக்கு நான்கு நாள்

“இந்த வருஷ நடையே கெட்டுப்போச்சும்மா” என்றார் ஆவுடையப்பன். “எல்லாம் இந்த நாயால.”

முதுகுப்பையைக்கூட அவர் இன்னும் இறக்கவில்லை.

தேனியில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வயது ஐம்பத்தாறு. வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டு, மலையடிவாரமாகவே நடந்து குமரிக் கடலுக்குப் போவார். துணைக்கு அவருடைய நாய் செவலை. ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

போகிற வழியில், களக்காட்டைத் தாண்டி ஓடைக்கரையில் இருக்கும் வடிவம்மையின் குடிலில் ஒருநாள் தங்குவார். வடிவம்மை துறவி. ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரைத் தன் குருவாக ஆவுடையப்பன் எப்போதோ வரித்துக்கொண்டிருந்தார். வடிவம்மையிடம் சம்மதம் கேட்கவில்லை.

செவலை வாசலிலேயே படுத்துவிட்டது. விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின.

வடிவம்மை ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாய் முகர்ந்து பார்த்தது. குடிக்கவில்லை.

“எப்போதிருந்து இப்படி?”

“கடையநல்லூர்ல ஆரம்பிச்சுது. பத்தடி நடக்கும், உட்காரும். மறுபடி பத்தடி நடக்கும், உட்காரும். அதட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒரு மைல் தூக்கிக்கிட்டுக்கூட நடந்தேன்.”

“கடையநல்லூர்ல இருந்து எத்தனை நாளாச்சு?”

“ஆறு நாள். நாலு நாள்ல வந்திருக்கணும்.”

வடிவம்மை நாயின் வயிற்றில் கைவைத்து மெல்ல அழுத்தினார். செவலை முனகியது. வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“ஊருக்குப் போய்க் காட்டலாம்னு இருக்கேன். கடலுக்கு இன்னும் நாலு நாள்தானே.”

வடிவம்மை தண்ணீர்ச் சட்டியை நாயின் வாயருகே நகர்த்தினார்.

ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போன வருஷம் பற்றுதான் தடைன்னு சொன்னீங்க. அப்போ புரியலை. இந்த ஆறு நாளாத்தான் புரியுது. மனசு அடங்கணும்னுதான் நடக்கிறேன். இது மேல வச்ச பாசம் என்னை நடக்க விடாமப் பிடிச்சு இழுக்குது. நான் என்ன செய்யட்டும்?”

வடிவம்மை வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார்.

“விட்டுட்டுப் போங்க.”

“இங்கேயா?”

“இங்கேதான். போய்க் கடலைப் பார்த்துட்டு வாங்க.”

ஆவுடையப்பன் வடிவம்மையின் காலைத் தொட்டு வணங்கினார். செவலையின் தலையை ஒருமுறை தடவினார். இந்த முறை தங்காமலே கிளம்பினார்.

ஓடைப் பாலத்தில் போகும்போது பின்னால் ஒரு குரைப்பு கேட்டது. ஒன்றே ஒன்று.

கழுத்து தானாகத் திரும்பப் போனது. அடக்கிக்கொண்டார். பற்றை விட்டவன் திரும்பிப் பார்ப்பானா?

போனை அணைத்துப் பையின் அடியில் போட்டார்.

அன்றைக்கு நன்றாக நடந்தார். நிற்க வேண்டியதில்லை. யாருக்காகவும் நிழல் தேட வேண்டியதில்லை. மறுநாள் பணகுடியைத் தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இத்தனை வருஷமாக இந்த நாய்க்காக எவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு டீக்கடையில் பழக்கத்தில் இரண்டு பன் கேட்டுவிட்டு, இரண்டையும் தானே தின்றார்.

நாலாம் நாள் கடல் தெரிந்தது.

பாறையில் உட்கார்ந்து பார்த்தார். மனம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. ஒன்பது வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. கண்ணீர் வந்தது. அதையும் துடைக்காமல் விட்டார்.

மறுநாள் பஸ் ஏறிக் களக்காடு வந்து சேர்ந்தார்.

குடில் வாசலிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். “கிடைச்சிருச்சும்மா. கடலைப் பார்த்ததும் எல்லாம் விலகிப்போச்சு. நீங்க சொன்ன மாதிரியே.”

“வாங்க” என்று எழுந்தார் வடிவம்மை.

குடிலுக்குப் பின்னால் அழைத்துப் போனார். நாவல் மரத்தடியில் மண் புதிதாக மேடிட்டிருந்தது. மேலே முள் பரப்பியிருந்தது.

ஆவுடையப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“எப்போ?”

“நீங்க போன அன்னைக்கே. சாயங்காலம்.”

“அன்னைக்கேவா?”

“நீங்க பாலம் தாண்டினதும் எழுந்திருச்சு. நான் கட்டிப் போடலை. உங்க பின்னாடியே போச்சு. பாலம் வரைக்கும்தான் முடிஞ்சுது. தூக்கிட்டு வந்தேன்.”

“வலி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

ஆவுடையப்பன் மண்மேட்டின் அருகே உட்கார்ந்தார். முள்ளை எடுக்கப் போனவர், எடுத்தால் நரி தோண்டும் என்று புரிந்து கையை இழுத்துக்கொண்டார்.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. ஓடி வந்திருப்பேனே.”

“பண்ணினேன். அணைச்சு வச்சிருந்தீங்க.”

பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு மெல்லக் கோபம் ஏறியது. அது ஏறுவது அவருக்கே ஆறுதலாக இருந்தது.

“நீங்க வயித்தைத் தொட்டுப் பார்த்தீங்க. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் என்னைப் போகச் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“ஏன்? எதுக்காக அப்படிச் சொன்னீங்க?”

வடிவம்மையின் கண்கள் நிறைந்திருந்தன. ஒன்பது வருஷத்தில் ஆவுடையப்பன் அதைப் பார்த்ததில்லை.

“போவீங்கன்னு நான் நினைக்கலை” என்றார் வடிவம்மை.